மங்கா அலமாரித் திருடி

நூலகருக்கு அந்தப் பள்ளி மாணவிமேல் சந்தேகம். தினமும் ஜப்பானிய மங்கா படக்கதை அலமாரிப் பக்கம் ஒதுங்குவாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பைக்குள் கையை விடுவாள்.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

“எந்தப் புத்தகத்தை எடுத்தே? பையைத் திற!”

பைக்குள் சாப்பாட்டு டப்பா மட்டுமே இருந்தது.

“எடுக்கல மேடம், வச்சேன்,” என்றாள் அழாத குறையாக. “நானே வரைஞ்சது. யாராவது படிப்பாங்களான்னு ஆசை. இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சு.”

நூலகர் அலமாரியைத் துழாவினார். ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த ஒல்லிப் புத்தகம் அகப்பட்டது. முதல் பக்கத்திலேயே, அலமாரி இடுக்கில் நின்று ஒரு சிறுமியை வேவு பார்க்கும் அரக்கி. கண்ணாடி, கொண்டை, முறைப்பு எல்லாம் அச்சு அசல் அவரேதான்!

முகம் சிவந்தது. ஆனாலும் பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மேடம்... கோவமா?”

“உஷ்! அரக்கி ஜெயிப்பாளான்னு சொல்லிடாதே.”