கீழ்க்காட்டில் கண்ட குறை

"கீழ்க்காட்டு ஆட்சியில என்ன குறைன்னு பார்த்துட்டு வா. நம்ம காடுதான் உசத்தின்னு நாளைக்குச் சபையில சொல்லணும்" என்று மேல்காட்டு ராஜாவான கரடி, கீரியை அனுப்பியது.

கீரி உற்சாகமாக ஓடியது. அங்கே குளத்தங்கரையில் மேல்காட்டு மான் ஒன்று குட்டியோடு நின்றது. பின்னால் மேல்காட்டு முயல்கள், பன்றிகள்.

"நீங்க எப்படி இங்கே?"

"நம்ம குளம் வறண்டு ரெண்டு கோடையாச்சே அண்ணே! இங்கே தூர்வாரி வச்சிருக்காங்க. ராஜாகிட்ட எங்களைக் காட்டிக் குடுத்துடாதீங்க" என்று மான் கெஞ்சியது.

கீரிக்கு முகம் சுண்டிப்போனது. வறண்ட அந்தக் குளத்தைச் சபையில் எத்தனை முறை புகழ்ந்திருக்கிறது! தாகம் இருந்தும் தண்ணீரைத் தொடாமல் திரும்பியது.

"என்ன குறை கண்டே?" கரடி ஆவலாகக் கேட்டது.

கீரி தலை நிமிரவில்லை.

"ஒரே நெரிசல், ராஜா. பாதிப் பேர் நம்ம ஆளுங்க."