எல்லார் சாவியும்

ஒரு தேதியைத் திருத்தப் போனால், "உங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறது கம்ப்யூட்டர். திங்கட்கிழமை காலையில், அதுவும் பதினோரு வருஷ சர்வீஸ் போட்டவரிடம். ரிப்போர்ட் எடுத்துத் தருவதால் ஆபீஸே 'ரிப்போர்ட் மேடம்' என்று கூப்பிடும் அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

பதினெட்டு பல் கிளினிக்குகளுக்கு அந்த ஆபீஸ்தான் தலைமை அலுவலகம். யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, யாருக்கு எப்போது அப்பாயின்ட்மென்ட் என்று நாலு லட்சம் பேரின் விவரம் கிளவுடில் ஒரே டேட்டாபேஸில் இருந்தது. அதைக் கட்டிக் காப்பவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் பூட்டு. வாயைத் திறந்தால் "முடியாது" என்பதற்குத்தான் திறப்பார். பல் ஆஸ்பத்திரி ஆளாக இருந்தும் அவர் பல்லை இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் டேட்டாபேஸைப் பழைய வெர்ஷனிலிருந்து புதுசுக்கு மாற்றியிருந்தார். ஒரு துளிகூடச் சிந்தாமல் மாற்றினார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே கையோடு இருபத்திமூன்று பேரின் அனுமதியையும் பிடுங்கிவிட்டார் மனுஷர். இனி எல்லாரும் பார்க்கலாம், படிக்கலாம். திருத்தவோ அழிக்கவோ வேண்டுமென்றால் அவரிடம் விண்ணப்பம் போட வேண்டும்.

மேடம் நேரே அவர் மேஜைக்குப் போனார்.

"ஏன் சார், எங்களைப் பார்த்தா திருட்டுக் கும்பல் மாதிரியா தெரியுது?"

பூட்டு தலையைத் தூக்கவே இல்லை. "எல்லாருக்கும் ஒரே ரூல்தான் மேடம்."

விடுவாரா மேடம்? உட்கார்ந்து புகார் எழுதினார். இது ஒன்று மட்டுமா? மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் அலைமோதும் நேரத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் கொள்ளாமல் மொத்த சிஸ்டத்தையும் நாற்பது நிமிஷம் நிறுத்தி வைத்தாரே. பதினெட்டு கிளினிக்கிலும் ஜனங்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அதையே முதல் குற்றமாகப் போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாக்கி இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேர் படிக்காமலேயே போட்டார்கள்.

மேனேஜர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் நிஜம்னா அவரைத் தூக்கிடலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை எதுக்கு நிறுத்தினார்னு மட்டும் ஆதாரம் கொண்டு வாங்க. லாக்ல இருக்கும்."

லாக் என்பது டேட்டாபேஸ் தானே எழுதி வைத்துக்கொள்ளும் பதிவு. யார், எத்தனை மணிக்கு, என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். படிக்கத்தான் அனுமதி இருக்கிறதே, அதுவே போதும் என்று மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

11.07: அப்பாயின்ட்மென்ட் பட்டியல் முழுவதும் அழிப்பு.

11.10: சிஸ்டம் நிறுத்தம்.

11.50: பட்டியல் 11.06-ல் இருந்தபடியே மீட்பு.

மாட்டினார் பூட்டு என்று மேடத்துக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. 11.07-க்கு எதிரே இருந்த பெயரைப் பார்த்தார்.

அவருடைய பெயர்தான். ரிப்போர்ட் மேடமேதான்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ரத்தான அப்பாயின்ட்மென்ட்களை அன்றைக்குக் கழிக்கப் போனார். கட்டளை இரண்டு வரி. பட்டியலை அழி என்பது முதல் வரி, ரத்தானதை மட்டும் என்பது இரண்டாவது. மவுஸால் முதல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டியிருக்கிறார். தேர்ந்தெடுத்தது மட்டும்தானே ஓடும்? அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் சிஸ்டமே நின்றிருந்தது. பூட்டை வாய்க்கு வந்தபடி திட்டியதும் நன்றாக ஞாபகம் இருந்தது.

லாக்கோடு ஒரு படிவம் இணைக்கப்பட்டிருந்தது. ஒரு தப்பு நடந்தால் பூட்டு எழுதி வைக்கிற, ஆபீஸில் ஒருத்தரும் படிக்காத படிவம். 'பொறுப்பு' என்ற இடத்தில் பூட்டு தன் பெயரைப் போட்டிருந்தார். 'காரணம்' என்ற இடத்தில், "தேவைக்கு மேல் அனுமதி கொடுத்திருந்தது. கொடுத்தவன் நான்" என்று எழுதியிருந்தார்.

அந்தப் படிவத்தை மட்டும் மேனேஜரிடம் நீட்டினால் போதும், பூட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேடத்தின் பெயர் வெளியே வரவே வராது. ஆனால் மேடத்துக்கு வெட்கமாக இருந்தது. பிறகு எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார்.

"ஆதாரம் கிடைச்சிடுச்சு சார். பட்டியலை அழிச்சது நான். காப்பாத்தினது அவர்."

மேனேஜர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். புகார் கொடுத்தவரே அகப்பட்டுக்கொண்ட கேஸை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். புகாரை நாலாகக் கிழித்துப் போட்டார். வெர்ஷன் மாற்றம் நல்லபடி முடிந்ததற்குக் கேக் வாங்கியிருக்கிறேன், முதல் துண்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று மேடத்தை அனுப்பினார்.

மேடம் கேக் தட்டை மேஜையில் வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"லாக் பார்த்தேன் சார். கைத்தப்பு என்னோடது. என் அனுமதியை மட்டும் எடுத்திருந்தா போதுமே. எதுக்கு இருபத்திமூணு பேருதையும் எடுத்து, அத்தனை பேர்கிட்டயும் ஏச்சு வாங்கினீங்க?"

மீசையில் ஒட்டிய கிரீமைத் துடைத்துக்கொண்டு பூட்டு சிரித்தார். பல் வரிசையாக, அழகாகத்தான் இருந்தது.

"உங்களோடதை மட்டும் எடுத்தா, ஏன்னு எல்லாரும் உங்களைக் கேப்பாங்களே மேடம்."