துணைக்கு நீ வா

படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. முதுகில் காற்று உருளை, முகத்தில் கண்ணாடி; கடலுக்கடியில் முக்குளிக்கப் பயிற்சியாளர் மாட்டிவிட்டிருந்தார். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கவே என் தோளைப் பிடித்துக்கொள்பவர் அவர்.

"வேணாம்மா. ராத்திரி எனக்கு ஃப்ளைட். இன்னும் பெட்டிகூடக் கட்டல. ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வர்றப்போ பாத்துக்கலாம்."

"தனியா இறங்க விடமாட்டாங்களாம்டா. துணைக்கு நீ வா."

நானும் ஓர் உருளையை மாட்டிக்கொண்டேன். அவரோடு இறங்கினேன்.

கீழே போகப் போகக் காது அடைத்தது. மேலே போய்விடலாமா என்று அம்மாவிடம் சைகை காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். என் மணிக்கட்டில் அவர் நகம் பதிந்தது. திடீரென்று அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்த குமிழிகள் நின்றன. பதறிப்போய் அவரை உலுக்கினேன். நல்லவேளை, மூச்சு திரும்பியது.

ஒருவழியாகப் படகில் ஏறிக் கரை சேர்ந்ததும் பயிற்சியாளரிடம் விடைபெற்றேன். "வர்றேன் மாஸ்டர். ராத்திரி ஃப்ளைட்டுக்குக் கிளம்பணும்."

அவர் முகம் மாறியது.

"விளையாடறீங்களா சார்? கடலுக்கடியில போய்ட்டு வந்தா ஒரு நாளைக்கு ஃப்ளைட் ஏறவே கூடாது. உயிருக்கே ஆபத்து. ரெண்டு பேருக்கும் சேத்து அம்மாகிட்ட அப்பவே சொன்னேனே! நாலு நாள் கழிச்சுதான் போறீங்கன்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். பற்கள் இன்னும் தந்தியடிக்க, அம்மா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர் சொன்னாக் கேக்கணும்டா. இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போ."