பதினோரு கற்கள்

மேசைமேல் கற்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவர் எண்ணிப் பார்த்தார். பதினொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை. சில விஷயங்களில் அரசாங்கம் கறாராகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கல்லிலும் நூலில் கட்டிய ஓர் அட்டை. அட்டையில் அவருடைய கையெழுத்து. கீழே கிராம நிர்வாக அலுவலர் என்று முத்திரை வேறு.

ஏரிக்கரையில் இந்த ஜாதிக் கல்லே கிடையாது. காவல் நிலையத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டக் கொட்டியிருந்த குவியலில் உண்டு.

எதிரே, குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கும் இடத்தில் மணிமொழி. தையல்காரி. ஏரியில் கழிவைக் கொட்டும் கம்பெனியை எதிர்த்துப் பந்தல் போட்டு மைக்கில் பேசியவள்.

பேசினாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் எதையும் எறியவில்லை.

அவருக்குத் தெரியும். அவரும் அங்கே இருந்தார். தாசில்தாருக்கு அறிக்கை அனுப்பக் கூட்டத்தைத் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், வெயில்ல நின்னு எண்ணாதீங்க. பந்தலுக்குள்ள வந்து எண்ணுங்க."

மைக்கிலேயே கூப்பிட்டாள். உள்ளே போனார். இரண்டு டம்ளர் நீர்மோர் குடித்தார். சுமார் நூற்றிருபது பேர் என்று எழுதினார். தன்னைச் சேர்க்கவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பந்தலில் இருந்தவர்கள் கல்லெறிந்தார்களாம், கற்களைக் கைப்பற்றியதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். வெற்றுத் தாள்கள், வெற்று அட்டைகள், ஒரு தட்டு போண்டா.

கல் எத்தனை என்று போடுவது? ஸ்டேஷன் ரைட்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தார்.

கிராம நிர்வாக அலுவலர் வாயில் போண்டா இருந்தது. அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சீர்த்தட்டு மாதிரி ஒத்தப்படையா போடுங்க சார். பதினொண்ணு."

ஸ்டேஷனே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தார். இன்னொரு டீ வந்தது.

இன்ஸ்பெக்டரையே சிரிக்கவைத்துவிட்டோம் என்று அந்த வாரம் முழுக்க மிதந்தார். தாலுகா ஆபீஸில் சொன்னார். வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி குறைவு என்று நினைத்துக்கொண்டார்.

மணிமொழி நாற்பத்து மூன்று நாள் சிறையில் இருந்தாள். தீபாவளி அதற்குள் வந்து போனது. தைக்கக் கொடுத்த துணிகளை ஆளாளுக்குத் திரும்ப எடுத்துப்போனார்கள். வழக்கு நிரூபணமானால் இன்னும் மூன்று வருஷம்.

இன்று காலை நீதிமன்ற வராந்தாவில் அவரைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க சார். நம்ம கேசுக்கு முன்னாடி ரெண்டு இருக்காம்."

திட்டியிருக்கலாம்.

அவர் அவசரமாக போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் யாருமில்லை. அரைமணி நேரம் பேசினார். நடுவில் ஒருமுறை சிரிக்கவும் செய்தார்.

இப்போது அரசு வழக்கறிஞர் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். எப்போது, எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார்.

மாலை நாலு மணி. ஏரிக்கரை. பந்தல் அருகே. என் முன்னிலையில்.

காலையில் ஏட்டு மூன்று முறை சொல்லிக்கொடுத்திருந்தார். மனப்பாடமாக இருந்தது.

"இப்பதாங்க," என்றார்.

அறை சிரித்தது. ஸ்டேஷனில் கிடைத்ததைவிடப் பெரிய சிரிப்பு. அவர் காது மடல் சுட்டது.

நீதிபதி அம்மா நிமிர்ந்தார்.

"விளையாடுறீங்களா?"

"இல்லம்மா. அன்னைக்குத்தான் விளையாடிட்டேன்."



வாசலில் நின்ற ஏட்டு யாருக்கோ போன் செய்ய வெளியே போனார். அரசு வழக்கறிஞர் எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். பிறகு அவரையே புரட்டிப் புரட்டிக் கேள்வி கேட்டார். இவர் எல்லாவற்றையும் சொன்னார். போண்டாவைக்கூட.

மணிமொழி அவரைப் பார்க்கவில்லை. கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிறாள் போல.

அவர் சொன்னதைத் தட்டச்சு செய்து நீட்டினார்கள். கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் கை தானாகத் தாளின் அடிப்பகுதிக்குப் போயிற்று. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இடம் அதற்குத் தெரியும்.

நிறுத்தினார்.

சட்டைப் பையைத் தடவினார். படிக்கும் கண்ணாடி இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. கையெழுத்துப் போட அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

தாளைத் தட்டச்சரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கொஞ்சம் படிச்சுக் காட்டுங்கம்மா," என்றார். "முதல்லேருந்து."