நெட்டையனுக்கு நாலு விரல்

எழுத்தாளர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அப்போதுதான் கழுவிவிட்ட வராந்தாவைக் கடந்து, ஈரக்காலோடு என் மேஜையை நோக்கி நடந்து வந்தார்.

எங்கள் அச்சகத்துக்குள் செருப்புப் போடக் கூடாது. மண் பட்டால் தாள் கெடும் என்று மெஷின்காரர் போட்ட சட்டம். முதலாளிக்கும் அதே சட்டம்தான்.

காய்ந்த சிமென்ட் தரையில் அவர் பாதங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்தன. இடது பாதத்தில் நாலு விரல்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

புரூஃப் பார்ப்பது என் வேலை. பதினாறு வருடமாக ஒரு பிழையையும் தப்பவிட்டதில்லை. அதனால் இங்கே எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

மேஜையில் இருந்தது ‘நெட்டையனைத் தேடி’. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். யாரும் இதுவரை கண்ணால் பார்த்திராத, இரண்டு ஆள் உயரம் என்று சொல்லப்படுகிற ஒரு காட்டுப் பிராணியைத் தேடி அவர் பத்தொன்பது நாள் அலைந்த கதை. நான் கையெழுத்துப் போட்டால் அச்சேறிவிடும்.

97ஆம் பக்கத்தைத் திருப்பினேன். சேற்றில் பதிந்த நெட்டையனின் காலடி, முழுப் பக்கப் படம். இடது பாதம். சுண்டுவிரல் இல்லை.

நாலே விரல் என்பதால் இது மனிதக் காலடி அல்ல என்று எட்டுப் பக்கத்துக்கு வாதம் செய்திருந்தார். தடம் ஆழமாக இருப்பதால் மூன்று ஆள் எடையாம். மூட்டை முடிச்சையெல்லாம் தானே சுமந்ததை மறந்துவிட்டார். கூடாரம் போட்ட இடத்தையெல்லாம் நெட்டையன் சுற்றிச் சுற்றி வந்து வேவு பார்த்ததாகத் தனியாக ஓர் அத்தியாயமே இருந்தது.

61ஆம் பக்கமும் இப்போதுதான் எனக்கு விளங்கியது. திசைகாட்டியையும் வெட்டுக்கத்தியையும் ஒரே இடுப்புவாரில் தொங்கவிட்டிருந்ததாகப் பெருமையாக எழுதியிருந்தார். இரும்புக்குப் பக்கத்தில் கட்டினால் திசைகாட்டி எந்தத் திசையைக் காட்டும்? மூன்றாம் நாள் பூட்ஸைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்த மனிதர், வட்டமடித்து வட்டமடித்துத் தன் காலடியையே துரத்தியிருக்கிறார்.

முப்பது வருடம் நில அளவைத் துறையில் இருந்து ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர். வழிகாட்டி எனக்கெதற்கு என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டவர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் காலில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

தன் கால் தனக்குத் தெரியாதா என்று கேட்கலாம். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். போன வாரம்கூட, 214ஆம் பக்கத்தில் மட்டும் ஐந்து விரல் என்று வருகிறதே, பிழையா என்று வட்டம் போட்டு அனுப்பினேன். ‘சரிதான். அது வேறொன்று’ என்று பச்சை மையில் பதில் வந்தது. நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

இன்று விடுவதாக இல்லை. இரண்டாயிரம் பிரதி, அத்தனையிலும் என் கண் பட்ட பிழை என்றால் எனக்குத் தூக்கம் வராது. அவரோ என் மேஜையருகில் நிற்காமல், அட்டையில் காட்டின் பச்சை போதவில்லை என்று மெஷின்காரரோடு மல்லுக்கட்ட உள்ளே போய்விட்டார். நானும் எழுந்தேன்.

அப்போது அவர் மனைவி வந்தார். கையில் கணவரின் மூக்குக்கண்ணாடி. மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

தரையில் நான் பார்த்துக்கொண்டிருந்த தடத்தை அந்த அம்மாள் பார்த்தார். திறந்து கிடந்த 97ஆம் பக்கத்தையும் பார்த்தார். பிறகு சாவகாசமாக நடந்து வந்து, இருந்ததிலேயே தெளிவான தடத்தின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. ‘படம்: ஆசிரியரின் துணைவி.’ அதில் எழுத்துப் பிழை பார்த்திருந்தேனே தவிர, படித்திருக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அவரைப் பற்றி அந்த ஒரு வரிதான்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். படம் எடுத்தபோதே தெரியும் என்றார். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த மனிதராம். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாராம். பழைய பத்திரிகையில் படித்த இந்த நெட்டையன்தான் அவரை எழுப்பி உட்கார வைத்ததாம். காட்டில் அவர் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்ததும், தனக்கு மட்டும் பூட்ஸ் எதற்கு என்று இவரும் கழற்றிவிட்டாராம்.

“அந்தத் தடத்தப் பாத்துட்டு சின்னப் பிள்ளையாட்டம் குதிச்சாரும்மா. கேமராவ என் கையில குடுத்தாரு. நான் என்னன்னு சொல்ல?”

உள்ளேயிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பச்சை சரியாக வந்துவிட்டது போல.

உட்கார்ந்து, ‘பிழை ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வந்தார். என் கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மனைவி நீட்டிய கண்ணாடியை, யார் நீட்டினார் என்று பார்க்காமலே வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அந்த அம்மாள் பின்னாலேயே போனார்.

தரையில் இரண்டு பேர் வந்த தடமும் இன்னும் முழுக்கக் காயவில்லை. நாலு விரலோடு பெரியது ஒன்று. அதை ஒட்டியே, ஐந்து விரலோடு சிறியது ஒன்று.

214ஆம் பக்கத்தை எடுத்து மறுபடியும் படித்தேன்.

‘நெட்டையன் போன வழியெல்லாம் இன்னொன்றும் போயிருக்கிறது. சிறிய கால், ஐந்து விரல். பெரியதை அது முந்தியதும் இல்லை, விட்டு விலகியதும் இல்லை. எதற்காக இப்படிக் கூடவே அலைந்தது என்பதுதான் எனக்குக் கடைசிவரை புரியவில்லை.’