தெரு முனையில் கடல்

"கடல் எங்கய்யா? அப்பலேர்ந்து வெறும் செவுத்தையே காட்டினு கீற!"

லோகநாயகி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அவள் கணவன் திருவேங்கடம் ஒரு மஞ்சள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரு முனையில கீது, வா. இந்த ஜன்னலப் பாரு லோகு. வெள்ளக்காரன் காலத்து டிசைன். இன்னா வேல!"

"ஜன்னலப் பாக்கவா புதுப் புடவை கட்டினு வந்தேன்?"

"அந்தப் புடவை வேணாம், மாத்தினு வான்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டியா?"

"இன்னாத்துக்கு மாத்தணும்? கிளிப்பச்சைதான் போட்டோல எடுப்பா இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டதெல்லாம் பாண்டிச்சேரி ஒன்றுதான். அண்ணி பூங்காவனமோ வருஷம் தவறாமல் போய், கடலோரம் நின்று போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸில் வைத்து இவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். 'நாங்களும் போறோம். நாளைக்கு என் போட்டோவப் பாருங்க' என்று நேற்று போனில் சவால் விட்டாயிற்று. கடல் இல்லாமல் வீடு திரும்பினால் மானம் போய்விடும்.

வெள்ளை வளைவுகள், பிரெஞ்சில் எழுதிய பெயர்ப்பலகைகள், கோபுர மணியோடு சர்ச். எல்லாம் அழகுதான். ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஒரு டீக்கடை கூட இல்ல. இன்னா ஊருய்யா இது?"

"வெள்ளக்காரன் தெருவுல டீக்கடை ஏது?"

எரிச்சலோடு அவள் சுவரில் சாயப் போனாள்.

"ஏய், சாயாத!" என்று பதறி ஓடி வந்தான்.

"கதவத் தொடாத, படியில குந்தாத, செவுத்துல சாயாத! இன்னா, உங்க பாட்டன் சொத்தா?"

முணுமுணுத்துக்கொண்டே முனைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பச்சைத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"தெருவு, சர்ச்சு எல்லாம் நீயும் உங்க ஆளுங்களும் ஆணி அடிச்சி செஞ்சிட்டு, கடலுக்குத் துணியா?"

"பூந்தமல்லி சினிமா ஸ்டூடியோல வேற எங்கேர்ந்துடி கடல் வரும்? நாளைக்கு இந்த செட்டையே பிரிச்சிடுவோம், சீக்கிரம் நில்லு. இந்தப் பச்சை எங்கல்லாம் கீதோ, அங்கல்லாம் கம்ப்யூட்டர்ல கடல் வந்துரும்."

சமாதானமாகி, தலையைக் கோதிக்கொண்டு துணிக்கு முன்னால் போய் நின்றாள் லோகநாயகி. போனைத் தூக்கிய திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டான்.

"இதுக்குத்தான்டி அந்தப் புடவை வேணாம்னேன்! இப்ப உன் கழுத்துக்குக் கீழ அலைதான் அடிக்கும்!"