முழங்கால் உயரத்துக்கு ஷட்டர்

"யார் கடை இது? வெளியே வா!"

சுமலதா குரல் கொடுத்ததும், கூட வந்த வினிதா தன் பங்குக்கு ஷட்டரை ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

ஜூஜுவாடி முழுக்கக் கடையடைப்பு. பெட்டிக்கடைகூடத் திறக்கவில்லை. தொழிற்சாலையில் சங்கம் வைத்ததற்காக வெளியே தள்ளப்பட்ட பெண்களுக்காகத் தலைவர் பெரியதம்பி அறிவித்த போராட்டம் அது. அந்தப் பெண்களில் சுமலதாவும் வினிதாவும் உண்டு.

மூன்று மணிக்குத் தொழிலாளர் துறை அதிகாரி வீடியோவில் பேச்சுவார்த்தை நடத்துகிறார். ஊரே தங்கள் பக்கம் என்று காட்டினால்தான் வேலை திரும்பக் கிடைக்கும். திறந்த கடை ஒன்றை நிர்வாகம் படம் பிடித்துவிட்டால் போதும், எல்லாம் போச்சு.

இந்த லேப்டாப் கடையோ ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தது. உள்ளே விளக்கு வேறு.

ஷட்டருக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கடைக்காரன் தௌசிப்.

"என்னக்கா?"

"என்னக்காவா? ஊரே மூடிக் கிடக்குது. உனக்கு மட்டும் என்ன வியாபாரம்?"

"வியாபாரம் இல்லக்கா. ஒரு பழைய லேப்டாப். வைஃபை கார்டு மாத்திட்டு இருக்கேன்."

"நாளைக்கு மாத்தினா தேஞ்சிடுமா?"

தௌசிப் உள்ளங்கையை நீட்டினான். தபால்தலை அளவில் ஒரு பச்சைத் துண்டு.

"இதான்க்கா பழசு. மோடம் என்ன வேகத்துல அனுப்பினாலும் இது கட்டை வண்டி மாதிரிதான் இழுக்கும். புதுசு போட்டா நெட்டு பறக்கும். ரெண்டு ஆன்டெனா ஒயரையும் கழட்டிப் போட்டிருக்கேன். இப்பக் கடையை மூடினா லேப்டாப்பு செவிடாத்தான் கிடக்கும்."

"எதுக்கு இவ்ளோ அவசரம்? படம் பாக்கவா?"

"பேசறதுக்குக்கா."

"ஏன், பேசறதுக்கு அந்தத் துரைகிட்ட போன் இல்லையா?"

உள்ளே யாரோ இருமினார்கள்.

"ஓ, துரை உள்ளதான் இருக்காரா!" சுமலதா குனிந்து பார்க்கப் போனாள். தௌசிப் சட்டென்று நகர்ந்து வழியை அடைத்துக்கொண்டான்.

"கஸ்டமரை விட்டுடுங்கக்கா. திட்டறதை எல்லாம் என்னையே திட்டுங்க."

"திட்டாம கொஞ்சுவாங்களா? நாங்க சோத்துக்கு வழியில்லாம ரோட்டுல நிக்கிறோம். ஒருநாள், ஒரே ஒருநாள் கடையை மூட உனக்கு மனசு வரல!"

"உங்க தலைவரே வந்து மூடச் சொல்லட்டும், மூடிடறேன்."

"அவரா? கருங்காலி கடை வாசலை எங்கண்ணன் மிதிப்பாரா?"

இருமல் இன்னும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

வினிதா அதற்குள் சாக்பீஸை எடுத்து ஷட்டரில் 'கருங்காலி' என்று எழுதிவிட்டாள்.

"இன்னும் பெருசா எழுதுங்கக்கா, விளம்பரமாச்சும் ஆகும்" என்றான் தௌசிப்.

"நக்கலா? சாயந்திரம் கூட்டத்துல உன் பேரைச் சொல்றேன் பாரு. தொழிலாளி ஒருத்தன்கூட இனி உன் கடைப் படி ஏறமாட்டான்."

தௌசிப்பின் முகம் வாடிவிட்டது. அவன் கடையே தொழிலாளர்களை நம்பித்தான் ஓடுகிறது. என்னவோ சொல்ல வாயெடுத்தான். உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "சரிக்கா" என்று மட்டும் சொல்லி ஷட்டரைக் கீழே இழுத்துக்கொண்டான்.

கத்தியதில் இருவருக்கும் தொண்டை வறண்டது. மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். அது கர்நாடகம். அங்கே கடை திறந்திருந்தால் அது கணக்கில் வராது.

மூன்று மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, சங்கம் அனுப்பிய இணைப்பை சுமலதா போனில் திறந்தாள்.

"ஆட்டோகூட ஓடல. அண்ணன் ஆபீஸ் போய்ச் சேந்தாரோ என்னவோ" என்றாள் வினிதா.

சுமலதாவுக்கு வேறு பயம். போன தடவை பெரியதம்பி வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்து போனார். சங்கத்தின் தரப்பில் பதில் இல்லை என்று நிர்வாகத்து வக்கீல் எழுதிக்கொள்ளச் சொன்னார். இன்றும் அப்படி ஆனால் வேலை அவ்வளவுதான்.

ஆனால் இன்று படம் கண்ணாடி மாதிரி வந்தது. தலைவரின் மீசையில் வியர்வை நிற்பதுகூடத் தெரிந்தது.

"அம்மாடி! அண்ணன் எதிர்ல உக்காந்து பேசற மாதிரியே இருக்குது" என்று சுமலதா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பெரியதம்பி தடங்கலில்லாமல் பொளந்து கட்டினார். அதிகாரி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு என்ன தடை என்றே கேட்டுவிட்டார்.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "சார், இவங்களுக்கு ஊர்ல ஆதரவே இல்ல. ஜூஜுவாடியில கடை திறந்திருக்குன்னு எங்களுக்குத் தகவல்."

சுமலதா தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டாள். "எல்லாம் அந்தப் பாவியால வந்தது வினிதா!"

திரையில் பெரியதம்பி மேசையை ஓங்கித் தட்டினார். தட்டிய வேகத்தில் ஒரு குட்டி ஸ்குரு துள்ளி விழுந்தது. அதைத் தேடி அவர் தோளுக்குப் பின்னால் குனிந்தது ஒரு முகம்.

தௌசிப்.

வினிதா வாயைப் பொத்திக்கொண்டாள். சுமலதா போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்; அவனுக்குப் பின்னால் அதே ஷட்டர், இறக்கி மூடியபடி.

"காட்டச் சொல்லுங்கய்யா!" பெரியதம்பியின் குரல் கணீரென்று வந்தது. "இன்னிக்கு ஜூஜுவாடியில ஒரே ஒரு கருங்காலி கடையைத் திறந்து வெச்சிருக்கான்னு காட்டட்டும், நான் சங்கத்தை விட்டே போயிடறேன்!"